விற்கச் சொன்ன விரல்

வந்தவள் முதலில் ஃபீஸைக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

சர்வேயர் பணத்தைத் தொடவில்லை. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நஷ்டத்தை மதிப்பிட்டவர் அவர். எரிந்த கார், வெள்ளம் புகுந்த குடோன், இடிந்த சுவர் என்று பார்த்துப் பார்த்து, யார் வந்து எதைச் சொன்னாலும் அவர் முகத்தில் எதுவும் அசைவதில்லை. ரிடையர் ஆன பிறகு டயர் கடை மாடியில் ஒரு அறை எடுத்துத் துப்பறியும் வேலை பார்க்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. எல்லோருக்கும் அவர் சர்வேயரம்மா.

பக்கத்து மேஜையில் இருந்தவர் உதவியாளர். பத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் போனதால் வேலையை விட்டார். வாய் போகவில்லை.

"டிக்கெட் எடுத்துட்டு பஸ்ல ஏறுற ஆளை என் சர்வீஸ்லயே நான் பாத்ததில்லம்மா," என்றார் கண்டக்டர்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அந்த வார்த்தை அவள் மேல் பட்டுக் கீழே விழுந்தது, அவ்வளவுதான்.

நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். ஒப்பிப்பது போல விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவரும் அவள் தம்பியும் ஒரே லேப்பில் வேலை பார்க்கிறார்கள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர்கள் பல்செட் செய்து கொடுப்பார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது. முப்பத்தேழு லட்சம் கொடுத்தால் லேப்பை உங்களுக்கே எழுதித் தருகிறேன் என்றார். இரண்டு பேரும் சேர்த்து வைத்திருந்தது இருபத்தெட்டு. மீதி ஒன்பதைச் சம்பாதிக்க, மொத்தத்தையும் ஒரு கிரிப்டோ காசில் போட்டார்கள். காசு ஒன்று தொள்ளாயிரம் விலையில், மூவாயிரத்து நூறு காசு.

கணவர் பயந்த சுபாவம். தம்பி துடுக்கு. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஸ்டாப் லாஸ் வைப்பது கணவர் பொறுப்பு. விலை இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் நம்மைக் கேட்காமலே விற்றுவிடு என்று ஆப்பில் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் அது. விலை ஏற ஏற அதையும் ஏற்றிக்கொண்டே போவார். மேலே போனதும் விற்று லாபத்தைக் கையில் எடுப்பது தம்பி பொறுப்பு. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. கணக்கு இருப்பது ஒரே ஃபோனில். அந்த ஃபோன் லேப்பை விட்டு வெளியே போகாது.

"ஒருத்தர் பிரேக், ஒருத்தர் ஆக்சிலேட்டர்," என்றார் கண்டக்டர். "ஸ்டியரிங் யார்கிட்ட இருந்துச்சு?"

"யார்கிட்டயும் இல்ல," என்றாள் அவள்.

போன புதன்கிழமை சாயங்காலம் விலை சரிந்தது. ஆயிரத்து முப்பதில் ஸ்டாப் லாஸ் விற்றிருக்க வேண்டும். விற்கவில்லை. திறந்து பார்த்தால் அந்த ஆர்டரே இல்லை. காலையில் யாரோ ரத்து செய்திருக்கிறார்கள். வியாழக்கிழமை விடியும்போது விலை நானூற்றுப் பத்து. லேப்பை இப்போது வேறு ஒருவர் வாங்கிவிட்டார். தம்பிதான் செய்தான் என்கிறார் கணவர். மாமாதான் என்கிறான் தம்பி. கணவர் தம்பி மேல் புகார் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு நாலு மணிக்கு அதோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"நாலு மணிக்குள்ள யாருன்னு எனக்கு எழுத்துல வேணும். உங்க லெட்டர்ஹெட்ல, சீல் வச்சு."

யார் மேல் சந்தேகம் என்று சர்வேயர் கேட்டார்.

"அதை நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்," என்றாள்.

சர்வேயருக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. யாரிடம் எதை எழுதி வாங்கினாலும் கையெழுத்துக்குக் கீழே பெருவிரல் ரேகையும் வாங்குவார். கையெழுத்தை அப்புறம் மாற்றிப் போடுவார்கள், விரலை மாற்ற முடியாது என்பது அவர் அனுபவம். அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ரேகை வைத்தாள். மை விரலைத் துடைக்கத் துணி கேட்கவில்லை. அப்படியே எழுந்து போனாள்.

"புருஷன் மாட்டினா வீடு போச்சு, தம்பி மாட்டினா பொறந்த வீடு போச்சு," என்றார் கண்டக்டர் படியிறங்கும்போது. "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி."

"நடங்க," என்றார் சர்வேயர். மணி பத்தரை.

லேப் ஒரு நீளமான அறை. ஜன்னல், மேஜை, கால் வைக்கும் இடம் எல்லாவற்றிலும் பிளாஸ்டர் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க நம்பர் ஒட்டிய தாடைகள். பின்னால் ஒரு தடுப்பு அறையில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் பாலிஷ் போடும் மோட்டார். அதற்கு முன்னால் இருந்த ஸ்டூல் காலி. தம்பி வியாழக்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை.

கணவர் ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக வைத்துக்கொண்டிருந்தார். கத்தியைச் சுட வைப்பார், மெழுகைத் தொடுவார், பல்லை நிறுத்துவார். இவர்கள் வந்ததற்காக அந்தக் கை நிற்கவில்லை. இன்றைக்கு ஆறு செட் கொடுக்க வேண்டும் என்றார்.

கண்டக்டர் அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்தார். "இத்தனை பேர் வாயைத் திறந்து வச்சிருக்காங்க. ஒருத்தராவது சாட்சி சொல்லக் கூடாதா?"

தண்ணீர் மட்டும் கொதித்தது.

கணவர் ஃபோனை எடுத்து, ஆட்காட்டி விரலின் ஓரத்தால் பின் நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தித் திறந்து காட்டினார். புதன்கிழமை, பதினொன்று நாற்பத்திரண்டு. ஸ்டாப் லாஸ் ரத்து. அடுத்த நிமிடம் ஒரு புது ஆர்டர். மூவாயிரத்து நூறு காசையும் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று புள்ளி ஐந்து ஐந்து விலை வந்தால் விற்றுவிடு என்று.

"லாபத்துல விக்கிற ஆர்டர் இது. லாபம் அவன் டிபார்ட்மெண்ட். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

லாபத்தில் விற்கச் சொல்வதற்கு ஸ்டாப் லாஸை ஏன் எடுக்க வேண்டும் என்று சர்வேயர் கேட்டார். ஒரே காசு இரண்டு வரிசையில் நிற்க முடியாது என்று கணவர் விளக்கினார். காசு எல்லாம் ஸ்டாப் லாஸ் வரிசையில் நிற்கிறது. அதே காசை லாப வரிசைக்கு அனுப்பினால் ஆப் கேட்கும், இது ஏற்கெனவே ஒரு ஆர்டரில் இருக்கிறது, அதை ரத்து செய்துவிட்டுத் தொடரலாமா என்று. ஆமாம் என்று ஒரு தட்டு. பிரேக் கழன்றுவிடும்.

"தெரியாம தட்டியிருக்கலாமே," என்றார் கண்டக்டர்.

"தெரியாதவன் தட்டலாம். என் மச்சானுக்கு நல்லாத் தெரியும். பதினோரு வாரமா பாக்கறான்."

அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்? பின் அறையில். மெழுகு உருக்கி எடுக்க அச்சுகளைக் கொதிநீரில் போட்டிருந்தார். அதை விட்டு நகர முடியாது. மச்சான் பதினொன்றரைக்கு டெலிவரிக்குக் கிளம்புகிறேன் என்றானாம், எப்போது போனான் என்று பார்க்கவில்லையாம். ஃபோன் எப்போதும் போல முன் மேஜையில் இருந்தது.

"அப்ப வேற யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல."

சர்வேயரின் கண் அலமாரியின் கொக்கியில் மாட்டியிருந்த சாப்பாட்டுக் கேரியரில் ஒரு நொடி நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. ஆர்டர் பட்டியல், ஆப் திறந்து மூடிய நேரப் பட்டியல் இரண்டையும் முழுதாகக் கண்டக்டரைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் ரேகையும் வாங்கினார்.

ரேகை வந்த இடத்தில் ரேகை இல்லை. வழவழவென்று ஒரு கறுப்பு முட்டை.

"பிளாஸ்டரும் சூடும் தின்னுடுச்சு," என்றார் கணவர். "இந்த வேலையில எல்லாருக்கும் இப்படித்தான்."

"திருடன் கண்ணுல காட்டிடாதீங்க சார். காசு குடுத்து வாங்கிட்டுப் போயிடுவான்," என்றார் கண்டக்டர். கணவர் அடுத்த பல்லை எடுத்தார்.

தம்பி இருந்த அறை இரண்டு தெரு தள்ளி, ஒரு ஒர்க்ஷாப்புக்கு மேலே. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், யார் என்று கேட்காமலே எழுந்து உட்கார்ந்தான். ஆறு நாள் தாடி. அக்கா அனுப்பினாள் என்று கேட்டதும் தலையை ஆட்டினான்.

பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டதாகச் சொன்னான். பஸ்ஸுக்குக் காத்திருந்தானாம். பார்த்தவர் யாரும் இல்லை. பன்னிரண்டு ஐந்துக்குக் கிளினிக்கில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். லேப்பிலிருந்து கிளினிக்குக்கு இருபது நிமிடம். ஆக, பதினொன்று நாற்பத்தைந்து வரை லேப்பில் இருந்திருக்கவும் முடியும். அதை அவனே ஒப்புக்கொண்டான்.

"ஆனா நான் வச்சிருந்தா மொத்தமா வைப்பேனா? மூணு பங்குதான் எப்பவும். ஒரு பங்கு வித்து கையில எடுத்துக்கணும். ஒரு பங்கு இன்னும் கொஞ்சம் மேல. கடைசிப் பங்கு ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விடணும். அப்புறம் அந்த விலை. ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தி மூணு அம்பத்தஞ்சாம். அதெல்லாம் ஒரு விலையா? ஆயிரத்து இருநூறுல விக்கறதுக்குக் கூட்டம் நிக்கும். அதுக்கு ரெண்டு முன்னாடி நாம நிப்போம். ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தெட்டு. இது எந்தக் கணக்குல வருது?"

பின்னே யார் வைத்தது?

"மாமாதான். பதினோரு வாரமா பயந்து பயந்து உக்காந்திருந்த மனுஷனுக்கு அன்னிக்கு ஒரு நாள் ஆசை வந்துடுச்சு. ஒத்துக்க வெக்கமா இருக்கு." தாடியைச் சொறிந்தான். "அக்காதான் பாவம். நடுவுல மாட்டிக்கிட்டு என்னென்னமோ உளர்றா."

அவனும் ரேகை வைத்தான். அதுவும் முட்டைதான். கணவருடையதைவிட வழவழப்பு. பாலிஷ் போட்டுப் போட்டு இவன் விரலுக்கும் பாலிஷ் ஏறியிருந்தது.

நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியுமா என்று சர்வேயர் கேட்டார். தெரியும் என்றான். ஓடிப்போகிற எண்ணம் இல்லை, எங்கே ஓடுவது என்றான். திரும்பச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில். மணி ஒன்று. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். டிக்கெட் கணக்குப் போட்டே பழகிய மண்டை அது.

"மேடம். ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தி மூணு அம்பத்தஞ்சை மூவாயிரத்து நூறால பெருக்கினா எவ்வளவு தெரியுமா? முப்பத்தேழு லட்சத்து அஞ்சு."

சர்வேயர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பத்தேழு லட்சம் லேப்போட விலை. அஞ்சு சில்லறை. இது மார்க்கெட்டைப் பாத்து வச்ச விலை இல்ல. லேப்புக்கு எவ்வளவு வேணும்னு எழுதி, காசு எண்ணிக்கையால வகுத்து வந்த விலை."

"கமிஷன்?"

கண்டக்டர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆயிரத்துக்கு இரண்டு வீதம் ஆப்காரன் பிடித்துக்கொள்வான். முப்பத்தேழு லட்சத்துக்கு ஏழாயிரத்து நானூறு. அந்தப் பணம் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. பதினோரு வாரமாக ஆர்டர் போடுகிறவர்களுக்குக் கமிஷன் மறக்காது. வாங்கின அன்றைக்கே பிடித்திருப்பான்.

"அப்ப இதுக்கு முன்னாடி ஆர்டரே போட்டுப் பழக்கமில்லாத ஆளு," என்றார் கண்டக்டர்.

சர்வேயர் ஃபோனை வாங்கி வலது ஓரத்தைப் பெரிதாக்கினார். ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரே, எப்படி உறுதி செய்யப்பட்டது என்று சின்ன எழுத்தில் இருந்தது. பின். பின். பின். கீழே கீழே தள்ளினார். அறுபதுக்கு மேல் இருக்கும், எல்லாம் பின். பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு நேரே மட்டும் வேறு வார்த்தை.

விரல்.

பையிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்து மடியில் வரிசையாக வைத்தார். ஒரு முட்டை. இன்னொரு முட்டை. இந்த இரண்டு பேர் விரலையும் எந்த ஃபோனும் ஏற்காது. மூன்றாவது தாளில் இருந்த ரேகை, மரத்தை அறுத்த வளையம் போல அத்தனை கோடுகளோடு தெளிவாக இருந்தது. அது காலையில் முதலில் வாங்கியது.

கண்டக்டர் ரொம்ப நேரம் அந்த மூன்றாவது தாளையே பார்த்தார்.

"யாரும் வரலேன்னாரே மேடம்."

"சாப்பாட்டுக் கேரியர் தினமும் வருதே," என்றார் சர்வேயர். "அது தானா நடந்து வராது."

மதியத்தில் அவள் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். போனபோது யாருடைய சான்றிதழ்களையோ காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். தாளை வைப்பது, மூடியை மூடுவது, வெளிச்சம் ஓடுவது, தாளை எடுப்பது. கடையில் வேறு யாரும் இல்லை. சர்வேயர் படத்தில் இருந்த அந்த வரியைக் காட்டினார். பக்கத்தில் அவளுடைய ரேகையை வைத்தார்.

அவள் பார்த்தாள். அடுத்த தாளை வைத்து மூடினாள்.

"ஆமா. நான்தான்."

கண்டக்டர் வாயைத் திறந்தார். சர்வேயர் கையைக் காட்டினார்.

"புதன்கிழமை ராத்திரியே லேப்புக்குப் போய்ச் சொல்லிட்டேன். ரெண்டு பேர்கிட்டயும். உன் தம்பியைக் காப்பாத்தறதுக்காக நீ சொல்றேன்னு அவர் சொன்னார். மாமாவுக்காகப் பழியை ஏத்துக்காதக்கான்னு இவன் சொன்னான். உனக்கு அந்த ஆப்பைத் திறக்கவே தெரியாதேன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. அந்த ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துமை."

வெளிச்சம் ஒரு தடவை ஓடி நின்றது.

"வியாழக்கிழமை திரும்பச் சொன்னேன். வெள்ளிக்கிழமையும் சொன்னேன். அழுது சொல்லிப் பாத்தேன், கத்திச் சொல்லிப் பாத்தேன். போய் படு, மனசு சரியில்லன்னாங்க. அப்புறம் எனக்கே அழுகை வரல."

மீதியை அவள் அதே குரலில் சொன்னாள். புதன்கிழமை காலையில் லேப் முதலாளி இவள் வீட்டுக்கு ஃபோன் செய்தார். வேறு ஒருவர் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணமும் வராவிட்டால் கொடுத்துவிடுவேன் என்றார். சாப்பாடு கொண்டு போனபோது வாசலில் தம்பி கிளம்பிக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னாள். இன்னும் ஏறும்க்கா, அவசரப்படக் கூடாது, உனக்கு இதெல்லாம் புரியாது என்றான். பின் அறையில் கணவரிடம் சொன்னாள். திரும்பிப் பார்க்காமலே, மார்க்கெட் விஷயத்தில் தலையிடாதே என்றார். முன் மேஜையில் ஃபோன் இருந்தது. விலை ஆயிரத்து நூற்று நாற்பது. கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தாள். ஆமாம் என்று தட்டச் சொன்ன இடத்தில் தட்டினாள். ரத்து என்ற வார்த்தையைப் படித்தாள். பழைய விலையில் ஏதோ இருக்கிறது, அது இனிமேல் எதற்கு என்று நினைத்துக்கொண்டாளாம். அன்று மதியம் ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு வரை போனது. இன்னும் ஐந்தரை ஏறியிருந்தால் விற்றிருக்கும்.

விரல் எப்படி அந்த ஃபோனுக்குள் போனது என்று சர்வேயர் கேட்டார்.

"வாங்கும்போது அவங்க ரெண்டு பேர் விரலையும் அது எடுக்கல. கடைக்காரர் யாராவது ஒரு விரலைக் குடுங்கன்னார். கூட நான் நின்னேன். குடுத்தேன். அவங்களுக்கு ஞாபகமே இல்ல."

"மாட்டக் கூடாதுன்னு காசு குடுத்தவங்களைப் பாத்திருக்கேன்மா," என்றார் கண்டக்டர், குரலைத் தாழ்த்தி. "மாட்டணும்னு ஃபீஸ் கட்டின முதல் ஆள் நீங்கதான்."

"நான் சொன்னா உளறல். வெளியாள் கண்டுபிடிச்சு சீல் வச்சா நம்புவாங்க. தம்பி ஸ்டேஷன் படி ஏறக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

சர்வேயர் பையிலிருந்து லெட்டர்ஹெட்டை எடுத்தார். கடையின் கம்ப்யூட்டரிலேயே கண்டக்டர் ஒற்றை விரலால் டைப் செய்தார். 'நஷ்டத்தின் காரணம்' என்ற தலைப்பில் முதல் பத்தி அவளைப் பற்றியது. நேரம், விலை, விரல், எல்லாம் இருந்தது. பிறகு சர்வேயர் மறுபடி அந்தப் படங்களைப் பார்த்து, இரண்டாவது பத்தி ஒன்றைச் சொல்லச் சொல்ல, கண்டக்டர் டைப் செய்தார். அவள் திரையில் அதைப் படித்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ தயங்கியது.

"இதை நான் கேக்கலையே."

"காரணம்னு தலைப்புப் போட்டா முழுசாத்தான் எழுதணும்," என்றார் சர்வேயர். "பாதி எழுதற பழக்கம் எனக்கு இல்ல."

தன் மேல் வந்த அறிக்கையை அவளே பிரிண்ட் எடுத்தாள். இரண்டு காப்பி. சர்வேயர் சீல் வைத்தார்.

மூன்றரைக்கு லேப்பில் இருந்தார்கள். கண்டக்டர் போய்த் தம்பியையும் கூட்டி வந்திருந்தார். அவன் உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றான். கணவர் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார். சட்டைப்பையில் புகார் மடித்து இருந்தது.

அறிக்கையின் முதல் பத்தியை நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"அன்னிக்கு யாரும் வரலேன்னு சொன்னீங்க," என்றார் சர்வேயர்.

"யாரும் வரலயே. இவ சாப்பாடு கொண்டு வந்தா, அவ்வளவுதா..." அந்த வார்த்தையை அவர் முடிக்கவில்லை.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த தாடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் சட்டைப்பையிலிருந்து புகாரை எடுத்து மேஜையில் விரித்தார். பேனாவால் மச்சான் பெயரை அடித்தார். ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. பிறகு அவளைப் பார்க்காமல் சர்வேயரைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப யார் பேரைப் போடறது?"

அவள் சொன்னாள். ஏதோ ஆபீஸ் கவுண்டரில் கேட்டால் சொல்வது போல, இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் சொன்னாள். பேனா தாளுக்கு ஒரு விரல் மேலே நின்றது. இறங்கவில்லை.

"எழுதறதுன்னா அடுத்த பத்தியையும் படிச்சுட்டு எழுதுங்க," என்றார் சர்வேயர்.

அவர் படிக்கவில்லை. அதனால் கண்டக்டர் வாங்கிப் படித்தார். புதன்கிழமை மாலை நாலு பத்துக்கு ஃபோனில் ஆப் திறக்கப்பட்டது. அப்போது விலை தொள்ளாயிரத்து ஐந்து. அப்போதே விற்றிருந்தால் போட்ட பணம் அப்படியே கையில் இருந்திருக்கும். அதிலிருந்து மறுநாள் காலை வரை பின் நம்பர் போட்டு அதே ஆப் பதினாலு தடவை திறந்து மூடப்பட்டிருக்கிறது. ஒரு தடவை கூட விற்கும் ஆர்டர் போடப்படவில்லை.

"அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" சர்வேயர் இரண்டு பேரையும் கேட்டார்.

தம்பிதான் கடைசியில் சொன்னான். "இங்கயே உக்காந்து, ஸ்டாப் லாஸை யார் எடுத்ததுன்னு சண்டை போட்டுட்டிருந்தோம்."

"ராத்திரி பூராவுமா?"

"ஆமா."

கண்டக்டரிடம் இதற்கு ஒரு ஜோக் இருந்திருக்கும். சொல்லவில்லை. அறிக்கையை மடித்து மேஜையில் வைத்தார்.

கணவர் பேனாவைக் கீழே வைத்தார். ஆறு நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். வாசல்ல இவன்கிட்ட கேட்டேன். பின்னால உங்ககிட்ட கேட்டேன்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். ஞாபகம் வந்ததா, வந்தது போல ஆட்டினாரா என்று சொல்ல முடியாது. சுவர்க் கடிகாரத்தில் மூணு ஐம்பது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் மேஜையில் கிடந்த ஃபோனை எடுத்து, விரலை வைத்தாள். திறந்தது. இரண்டு ஆண்களும் அதைப் பார்த்தார்கள்.

"நானூத்தி ரெண்டு," என்றாள். "ஆறு நாளா மிச்சம் இருக்கறது சும்மா நிக்குது. கீழ ஒண்ணும் இல்ல, மேல நான் போட்ட அந்த எட்டாத விலைதான். நீங்க சண்டை முடிக்கற வரைக்கும் மார்க்கெட் நிக்காது."

அவள் நிறுத்தாமல் சொன்னாள். ஸ்டாப் லாஸும் லாபமும் ஒரே காசுக்குச் சேர்த்து வைக்கிற ஆர்டர் ஒன்று இருக்கிறது. இரண்டு விலை கொடுக்க வேண்டும். எது முதலில் வருகிறதோ அது நடக்கும், மற்றது தானாக ரத்தாகும். ஆறு நாளாக அதைத்தான் கடையில் உட்கார்ந்து படித்தாளாம்.

தம்பி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தான். பாலிஷ் மோட்டார் முன்னால் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். மோட்டாரைப் போடவில்லை.

"கீழ எவ்வளவுக்கா?" என்று கேட்டான்.

"முன்னூத்தி எம்பத்தேழு. அதுக்குக் கீழ நாம இருக்கக் கூடாது. மேல நானூத்தி அறுபத்தாறு. வந்தா போதும். அதுக்கு மேல எனக்கு ஆசை இல்ல."

கணவர் எழுதுவதற்குத் தாள் தேடினார். மேஜை முழுக்க மெழுகும் தூளும்தான் இருந்தது. புகாரைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு, சரியாக எழுதியிருக்கிறேனா பார் என்று தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.